கழன்று வரும் சக்கர நட்டுகள்

கேள்வி: மணலியிலிருந்து துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிச் செல்லும் என் டிரெய்லரில், புது டயர் மாட்டிய சக்கரத்தின் நட்டுகள் இரண்டே நாளில் தளர்ந்துவிட்டன. நன்றாக முறுக்கித்தான் மாட்டினார்கள். காரணம் என்ன? – வாசகர், திருவொற்றியூர்

பதில்: சக்கரம் ஹப்பின் (அச்சின் முனையில் சக்கரம் மாட்டும் பகுதி) மீது சரியாக அமராததே பெரும்பாலும் இதற்குக் காரணம். டிஸ்க்குக்கும் (சக்கரத்தின் நடுவே நட்டுத் துளைகள் உள்ள தட்டு) ஹப்புக்கும் இடையே துரு, மண், தடித்த புதுப் பெயின்ட் என எது சிக்கியிருந்தாலும், பாரத்துடன் ஓடும்போது அது நசுங்கி உதிர்ந்து, நட்டின் பிடிப்பு குறைந்துவிடும். எண்ணூர்ப் பக்கத்து உப்புக் காற்றில் துரு சீக்கிரம் பிடிப்பதால், இரு முகங்களையும் கம்பி பிரஷ்ஷால் பளிச்சென்று தேய்த்த பிறகே மாட்டச் சொல்லுங்கள். நட்டுகளை வரிசையாக அல்லாமல், ஒன்றை முறுக்கியதும் அதற்கு நேர் எதிரே உள்ளதை என்று மாற்றி மாற்றி முறுக்க வேண்டும். ஏர் கன்னோடு (காற்றழுத்தத்தால் நட்டை முறுக்கும் கருவி) வேலையை முடித்துவிடுவதை நான் ஏற்கவே மாட்டேன்; அது ஸ்டட்டை (நட்டு ஏறும் மரையுள்ள தண்டு) அளவுக்கு மீறி இழுத்து நீட்டிவிடக்கூடும் என்பதால், கடைசி முறுக்கு டார்க் ரெஞ்ச்சால் (முறுக்கு விசையை அளந்து முறுக்கும் ஸ்பேனர்), வண்டியின் கையேட்டில் தந்துள்ள அளவுக்கே இருக்கட்டும். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி சரிபார்ப்பது கட்டாயம். துறைமுக வரிசையில் காத்திருக்கும் நேரத்தில் இறங்கிப் பாருங்கள்: நட்டிலிருந்து வெளிநோக்கிச் செம்பழுப்புத் துருக்கோடு ஓடியிருந்தால், அது தளர்ந்திருக்கக்கூடும். டிஸ்க்கின் துளை நீள்வட்டமாகியிருந்தால் டிஸ்க்கையே மாற்றிவிடுங்கள்.