ரீ-வோல்ட் டிராக்கில் நம்ம ஊர்த் தரை: கேள்வி பதில்

1999இல் வந்த ரிமோட் கார் பந்தயக் கணினி விளையாட்டான ரீ-வோல்ட்டை இன்னும் விடாத கூட்டம் நம்ம குமரி மாவட்டத்தில் உண்டு. டிராக்குக்கு டெக்ஸ்சர், அதாவது தரை, சுவர் மேல் ஒட்டும் படம், செய்வது பற்றி மட்டும் கேளுங்கள். முப்பரிமாண மாடல், அதைச் செய்யும் பிளெண்டர் எல்லாம் என் ஏரியா இல்லை.

மணவாளக்குறிச்சி: அண்ணே, கடற்கரைக் கருமணலைப் படம் எடுத்துத் தரைக்குப் போட்டேன். அங்கங்கே பொத்தல் விழுந்து வானம் தெரியுது.

இந்த விளையாட்டில் சுத்தக் கறுப்பு, அதாவது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுமே 0 என்றால், அந்தப் புள்ளி மறைந்துவிடும். கம்பிவேலி, இலை இடுக்குகளுக்காகச் செய்த ஏற்பாடு அது. உங்க ஊர் இல்மனைட் என்ற கறுப்புக் கனிம மணலில் அப்படிப்பட்ட புள்ளிகள் எக்கச்சக்கம். படம் திருத்தும் மென்பொருளான ஜிம்பில் லெவல்ஸைத் திறந்து, அவுட்புட்டின் கீழ் எல்லையை 0இலிருந்து 8 ஆக்கு. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, பொத்தலும் போய்விடும். 24 பிட் பிஎம்பி படக் கோப்பாகச் சேமி.

குலசேகரம்: ரப்பர் தோட்டத்துத் தரையைப் படம் எடுக்க எது நல்ல நேரம்?

இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவ மழைக்கு மேகம் மூடி நிற்கும் பகல். வெயிலில் எடுத்தால் மரநிழலும் படத்தில் விழும். டிராக்கிலேயே வெளிச்சமும் நிழலும் ஏற்கெனவே பதிந்திருப்பதால் நிழல் இரட்டிப்பாகும். போனைத் தரைக்கு நேராகப் பிடித்து, படத்தின் நடுப்பகுதியை மட்டும் வெட்டிக்கொள். ஓடுவது ரிமோட் கார் என்பதை மறக்காதே. நம்ம கண்ணுக்குச் சின்ன சரளைக்கல், அதற்குப் பாறை. அதனால் கிட்டப்போய் எடு.

அப்புறம் ஜிம்பின் ஆஃப்செட்டில் படத்தைப் பாதி நகர்த்து. ஓர இணைப்பு நடுவில் வந்து நிற்கும், அதைக் குளோன் கருவியால் மூடு. தனியாகத் தெரியும் பழுத்த இலை ஒன்று கிடந்தாலும் எடுத்துவிடு. விட்டால் டிராக் முழுக்க அதே இலை வரிசையாக நிற்கும்.

தக்கலை: கிட்டே போனால் புதுத் தரை, தூரத்தில் பழைய தரை. ஏன்?

பிஎம்பியை மட்டும் மாற்றியிருக்கிறாய். அதே பெயரில் பிஎம்கியூ, பிஎம்ஆர் என்று தூரத்துக்கான சின்னப் படங்கள் கிடக்கும். அவற்றையும் மாற்று.

மார்த்தாண்டம்: மணல் போட்டும் கார் தார் ரோட்டில் போவது மாதிரியே ஓடுது.

ஓட்டத்தைத் தீர்மானிப்பது, எந்த இடம் என்ன வகைத் தரை என்று பதிந்திருக்கும் என்சிபி கோப்பு. படத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

முட்டம்: 256க்கு 256 புள்ளி அளவுப் படம் எல்லாம் அந்தக் காலம். ரீ-வோல்ட்டின் புது வடிவமான ஆர்விஜிஎல்லில் 1024 ஓடுதே, அதைச் சொல்லலாமே!

ஓடும். ஆனால் சுற்றிலும் 256 சுவர் நிற்க, தரை மட்டும் 1024 என்றால் பழைய சாரத்தில் புதுத் துணி ஒட்டுப்போட்டது போல இருக்கும்.

முட்டம்: அப்போ எல்லாத்தையும் 1024 ஆக்கிட்டால்?

ஆக்கு. எல்லாவற்றையும் நீயே புதிதாகப் படம் எடுப்பதாக இருந்தால்.

குளச்சல்: பழசைப் பெரிதாக்கிக் கூர்மையாக்கும் மென்பொருள் இருக்கே அண்ணே.

அதில்தான் எனக்குக் கடுப்பே. இல்லாத கோடுகளை அது தானாக வரைகிறது. செங்கல் சுவர் பிளாஸ்டிக் மாதிரி வழவழக்கிறது.

முட்டம்: ஓட்டும்போது யார் செங்கலைப் பார்க்கப் போறா?

யாரும் பார்க்க மாட்டார்கள் என்றால் 256 போதுமே மக்கா!

கொல்லங்கோடு: டயர் அடுக்கில் ஓட்டை ஓட்டையா...

மணவாளக்குறிச்சிக்குச் சொன்னதை வாசி.

அருமனை: தொட்டிப்பாலத் தூணில் கறுத்த பாசி, அதுவும் ஓட்டை.

8! 8! மேலே இருக்கிறது.

பூதப்பாண்டி: இணையத்தில் கிடைக்கிற படம் போடலாமா?

அடுத்தவர் படம் எதற்கு, கையில் போன் இருக்கும்போது?

ஆரல்வாய்மொழி: தூரத்தில் காற்றாலை தெரியணும். சுற்ற வேண்டாம், நின்றால் போதும். அதுவும் மாடலா?

இல்லை, தட்டையான ஒரு பலகையில் படமாகவே ஒட்டலாம். காற்றாலையைத் தவிர மற்றதையெல்லாம் சுத்தக் கறுப்பு ஆக்கு. ஆமா, இங்கே மட்டும் 0தான் வேண்டும். வெட்டும்போது ஓரத்தை மென்மையாக்கும் ஃபெதர், ஆன்டிஅலியாசிங் இரண்டையும் அணைத்துவிடு. ஓரம் மங்கினால் இறக்கையைச் சுற்றிக் கறுப்பு வளையம் விழும்.