வழக்குப் போட்டவரே தூதராகலாமா?

கேள்வி: சட்டம் படிக்கிறேன், பழங்குடி உரிமைக்காக வேலை செய்ய ஆசை. அமெரிக்க அரசை எதிர்த்து வழக்காடிய கீத் ஹார்ப்பர் பிறகு அதே அரசின் தூதராகப் போனார். இது அந்தர் பல்டி இல்லையா? நான் எந்த வழியில் போவது?

பதில்: பல்டி என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த வழக்கைப் பாருங்கள். 1887-ல் வந்த டாஸ் சட்டம் பூர்வகுடிகளின் பொது நிலத்தைத் துண்டு போட்டு ஆளாளுக்குப் பிரித்தது, ஆனால் நிர்வாகம் அரசின் கையில். மேய்ச்சல் குத்தகை, எண்ணெய், மரம் என்று எதில் பணம் வந்தாலும் உள்துறை (அங்கே நிலம், இயற்கை வளங்களைக் கவனிக்கும் துறை) வழியாகத்தான் உரியவருக்குப் போக வேண்டும். ஒழுங்காகப் போனதா? மொண்டானாவின் பிளாக்ஃபீட் மக்களின் பொருளாளராக இருந்த எலூயிஸ் கோபெல் கணக்குக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் 1996-ல் வழக்குப் போட்டார். கேட்ட ஆவணங்களைத் தரவில்லை என்று 1999-ல் இரண்டு அமைச்சர்கள்மீது நீதிமன்ற அவமதிப்பு உத்தரவே வந்தது! செரோக்கி இனத்தவரான ஹார்ப்பர் கோபெல் தரப்பு வக்கீல்களில் ஒருவர். 2009-ல் சமரசம், 340 கோடி டாலர். அதில் 190 கோடி, வாரிசு வாரிசாகச் சிதறிய நிலங்களை வாங்கிப் பழங்குடி அரசுகளிடம் சேர்க்க. தொகை போதாது என்று பூர்வகுடிகளிலேயே சிலர் எதிர்த்தார்கள், அதுவும் நியாயம்தான்.

அப்புறம் 2014-ல் ஹார்ப்பருக்கு ஜெனீவா, ஐ.நா. மனித உரிமைகள் கவுன்சிலுக்கான அமெரிக்கத் தூதர். வக்கீலாக இருந்தபோது கட்சிக்காரர் கோபெல், இங்கே அரசு. சொந்தக் கருத்தை ஓரமாக வைத்துவிட்டுத்தான் பேச வேண்டும், அது முடியாது என்றால் அந்த நாற்காலி வேண்டாம்.

ஆனால் அந்தப் பக்கமும் விவரம் தெரிந்த ஆள் வேண்டும். ஐ.நா.வின் பூர்வகுடி உரிமைப் பிரகடனத்துக்கு 2007-ல் 144 நாடுகள் ஆதரவு, எதிர்ப்பு நாலே நாலு, அதில் ஒன்று அமெரிக்கா. 2010-ல் ஆதரிக்கிறோம் என்று அறிவித்தபோதும், பழங்குடித் தலைவர்களைக் கலந்துபேசுவோம், அவர்கள் சம்மதித்தே ஆக வேண்டும் என்பதில்லை என்று ஒரு வரியைச் சொருகிவிட்டார்கள். அணையோ சுரங்கமோ, பாதிச் சண்டை அந்த ஒரு வரியில்தான் நடக்கிறது.

சரி, உங்கள் வழி? தூதர் பதவியைக் குறிவைத்துப் படிக்காதீர்கள். அது விண்ணப்பம் போட்டு வாங்குவதில்லை. ஹார்ப்பர் ஒபாமாவுக்குத் தேர்தல் நிதி திரட்டியவரும்கூட, அதையும் கணக்கில் எடுங்கள். முதலில் சில வருடங்கள் நிலப் பத்திரம், கணக்குப் புத்தகம், நீதிமன்றம் என்று உழலுங்கள். 1999 அவமதிப்பு உத்தரவைத் தேடிப் படித்துப் பாருங்கள், அது சலிப்புத் தட்டாமல் இருந்தால் இந்த வேலை உங்களுக்குச் சரிப்படும்.