தூக்கிலிடப்பட்ட கோமாளியின் கணக்கு

கேள்வி: ஷேக்ஸ்பியரின் ‘டைட்டஸ் ஆண்ட்ரோனிகஸ்’ முடிந்த இடத்திலிருந்து தொடங்கும் ‘கேரி’ என்ற அமெரிக்க நாடகம், பிணக்குவியலைக் காட்டிச் சிரிக்க வைக்கிறதாம். மகத்தான துயர நாடகமொன்றைக் கொச்சைப்படுத்தும் இம்முயற்சியைக் கலை என்று எப்படி ஏற்பது?

பதில்: மூல நாடகத்தின் மூன்றாம் அங்கத்தை மட்டுமாவது நீங்கள் படித்துவிட்டு இக்கேள்வியை எழுதியிருக்கலாம். மகன்களின் உயிரைக் காப்பதற்காகத் தன் கையையே வெட்டிக் கொடுத்த ரோமானியத் தளபதி டைட்டஸிடம், அந்தக் கையும் இரு மகன்களின் தலைகளும் திருப்பி அனுப்பப்படுகின்றன. அவன் அழவில்லை, வாய்விட்டுச் சிரிக்கிறான். இந்த நேரத்தில் சிரிப்பா என்று சகோதரன் மார்க்கஸ் திகைத்துக் கேட்க, சிந்துவதற்கு இனி ஒரு துளிக் கண்ணீரும் தன்னிடம் இல்லை என்கிறான். பிணங்களுக்கு நடுவே எழும் அந்தச் சிரிப்பு, 1594-இல் அச்சான பிரதியிலேயே இருக்கிறது. ‘கேரி’யை எழுதிய டெய்லர் மேக் அதை வெளியிலிருந்து கொண்டுவந்து திணிக்கவில்லை.

இனி நான்காம் அங்கத்துக்கு வாருங்கள். தன் மாமனுக்கும் பேரரசனின் ஆள் ஒருவனுக்கும் நேர்ந்த தகராறைத் தீர்த்துக்கொள்வதற்காக, புறாக் கூடையைச் சுமந்துகொண்டு ஒரு கோமாளி வழியில் போகிறான். அவனை நிறுத்தி, கத்தியைச் சுற்றிய மனு ஒன்றைக் கொடுத்து அரண்மனைக்கு அனுப்புகிறான் டைட்டஸ். மனுவைப் படித்த பேரரசன் சாட்டர்னினஸ், கொண்டுவந்தவனைத் தூக்கிலிடச் சொல்கிறான். எனக்கு எவ்வளவு பணம் கிடைக்கும் என்று அந்த அப்பாவி கேட்கிறான்; தூக்குதான் கிடைக்கும் என்று பதில் வருகிறது. அதன்பின் அவனைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. முடிவில் யாரைக் குடும்பக் கல்லறையில் வைப்பது, யாரைக் காக்கைக்கும் நரிக்கும் எறிவது என்றெல்லாம் விரிவாக ஆணையிடும் டைட்டஸின் மகன் லூசியஸுக்கும், புதிய பேரரசனான அவனுக்கும், அந்தக் கோமாளியின் நினைவு வருவதில்லை. நீங்கள் காப்பாற்றத் துடிக்கும் மகத்துவத்தில் இந்த மறதியும் அடங்கியிருக்கிறது.

டெய்லர் மேக் கையிலெடுத்தது அந்த மறக்கப்பட்டவனைத்தான். 2019-இல் நியூயார்க்கின் பூத் அரங்கில், ஜார்ஜ் சி. வுல்ஃபின் இயக்கத்தில் நேதன் லேன் ஏற்று நடித்த கேரி, பிணங்களை அகற்றும் வேலைக்கு ஒப்புக்கொண்டு தூக்கிலிருந்து தப்பிய கோமாளி. அவனுக்கு அந்த வேலையைக் கற்றுத்தருபவள், போர்களின் மிச்சங்களைத் துடைத்தே காலம் கழித்த ஜானிஸ் என்ற பணிப்பெண். மூலத்தில் மேடைக்கே வராத மருத்துவச்சி, இங்கே கரோல் என்ற பெயரில், அறுபட்ட கழுத்தோடு வந்து நாடகத்தைத் தொடங்கி வைக்கிறாள். மறுநாள் புதிய பேரரசனின் பதவியேற்பு என்பதால், விருந்து மண்டபம் விடிவதற்குள் சுத்தமாக வேண்டும். ஆட்சி யார் கைக்குப் போனாலும் தரையைத் துடைக்கும் கைகள் மாறுவதில்லை என்பதை இதைவிடக் கூர்மையாக எப்படிக் காட்டுவது? தன் கலையால் உலகைத் திருத்திவிடலாம் என்று கேரி கனவு காண்கிறான். முதலில் வேலையை முடி என்கிறாள் ஜானிஸ். நாடகத்தின் உயிர் இவ்விருவரின் மோதலில்தான் இருக்கிறது.

இது குறையற்ற படைப்பு என்று நான் வாதிடவில்லை. உடற்கழிவுகளைப் பற்றிய பகடிகள் அளவுக்கு மீறிப் போகின்றன; ஜானிஸின் கோபம் இன்னும் ஆழமாகச் செல்ல வேண்டிய இடங்களை அவை விழுங்கிவிடுகின்றன. இந்தக் குறையை நீங்கள் சுட்டியிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேன். ஆனால் உங்கள் குற்றச்சாட்டு துயரத்தின் பின்னால் சிரிப்பு வரவே கூடாது என்பது. பண்டைய கிரேக்க நகரமான ஏதென்ஸில், மதுக் கடவுள் டயோனிசஸின் விழாவில் மூன்று துயர நாடகங்களை அரங்கேற்றிய கவிஞர், வழக்கமாக நான்காவதாகக் களியாட்டம் நிறைந்த சாட்டிர் நாடகத்தையும் தர வேண்டியிருந்தது. அவற்றுள் முழுமையாக எஞ்சியிருக்கும் ஒன்றே ஒன்று யூரிபிடிஸ் எழுதிய ‘சைக்ளோப்ஸ்’. ஒடிசியஸின் தோழர்களை ஓர் அரக்கன் தின்பதும், பின்னர் அவன் கண்ணை அவர்கள் எரிகொள்ளியால் குத்திக் குருடாக்குவதும்தான் அந்த வேடிக்கை நாடகத்தின் கதை. துயர நாடகத்தைப் படைத்துத் தந்தவர்களே அந்தச் சிரிப்பையும் கேட்டு வாங்கினார்கள்.