சிங்கத் தலை இருக்கையில் ஒரு மன்னர்

கேள்வி: ரோம் நகருக்குச் சென்று வந்த என் மகன், அங்குள்ள அருங்காட்சியகத்தில் எடுத்த படத்தைக் காட்டினான். முடிசூடிய மன்னர் ஒருவர் சிங்கத் தலைகள் கொண்ட இருக்கையில் அமர்ந்திருக்கும் சலவைக்கல் சிற்பம் அது. நம் பக்கத்தில் மன்னர்களைக் கைகூப்பி நிற்கும்படிதானே செதுக்குவோம்? இவர் யார், ஏன் உட்கார்ந்திருக்கிறார்?
– கல்வேலைக் குடும்பத்து வாசகர், திருமுருகன்பூண்டி

பதில்: அவர் ஆஞ்சுவின் சார்லஸ், பிரான்சின் ஒன்பதாம் லூயி மன்னருக்குத் தம்பி. போப்பாண்டவரின் ஆதரவோடு 1266இல் சிசிலியின் அரசரானவர். சிற்பம் 1277ஆம் ஆண்டையொட்டியது. அர்னோல்ஃபோ தி காம்பியோவின் கைவேலை என்பது அறிஞர் கருத்து. ஃபிளாரன்ஸ் பேராலயத்துக்குப் பின்னாளில் வடிவம் வகுத்தவரும் இவரே. இவர் சார்லஸின் பணியில் இருந்ததால், பெருஜியா நகரத்தார் நீரூற்று வேலைக்கு இவரை அழைத்தபோது, சார்லஸின் இசைவைப் பெற வேண்டியிருந்தது.

உட்கார்ந்திருப்பதற்கான காரணம் பதவியில் இருக்கிறது. சார்லஸ் 1268இல் பத்தாண்டுகளுக்கு ரோமின் செனட்டர் பொறுப்பையும் ஏற்றவர். அதாவது அந்நகரில் நீதி வழங்கும் தலைமை அதிகாரி. ஆகவே தலையில் அரசமுடியும், உடலில் பழைய ரோமானியரின் மேலாடையை நினைவூட்டும் உடையுமாக, வழக்கு கேட்க அமர்ந்தவரைப் போல அவரைச் செதுக்கியிருக்கிறார்கள். நம் கோயில் தூண்களில் மன்னர் கைகூப்புவது, தமக்கு மேல் இறைவன் இருக்கிறான் என்பதால். நம் கொங்கு நாட்டு நாமக்கல் குடைவரையில் அரியணை நரசிம்மருக்குத்தான். ரோமில் இவருக்கு மேலே போப்பாண்டவர் இருந்தார் என்றாலும், சிற்பத்தில் அதன் சாயலே இல்லை! பத்தாண்டு முடிந்த 1278இல், புதிய போப்பாண்டவர் அந்தச் செனட்டர் பதவியைத் தொடரவிடவில்லை.

படத்தைப் பெரிதாக்கி முகத்தைப் பாருங்கள். பொதுவான அரச முகமாக அது இல்லை. அவருடைய மூக்கைக் கவிஞர் தாந்தேயும் தனித்துக் குறிப்பிட்டிருக்கிறார். பழைய ரோமானியர் காலத்துக்குப் பின், உயிரோடிருந்த ஒருவரை அவர் சாயலிலேயே ஐரோப்பாவில் செதுக்கிய முதற்சிலைகளுள் ஒன்றாக இதைச் சொல்வதுண்டு. பிறகு முழங்கால்களுக்கிடையே இறங்கும் துணி மடிப்புகளைப் பாருங்கள். சலவைக்கல் நம் கருங்கல்லைவிட மிகவும் மென்மையானது; உளி ஆழமாக இறங்கும். அதே பள்ளத்தைக் கருங்கல்லில் எடுக்க எத்தனை முறை உளியைக் காய்ச்சித் தீட்ட வேண்டியிருக்கும் என்பதை எனக்குத் தாங்கள்தான் சொல்ல வேண்டும்.