வெளிநாட்டில் குடியேறிய புதிதில் அக்கம்பக்கத்தார் உங்களுக்கு உதவியதுண்டா?

உண்டு. ஆனால் அது உதவிதான் என்று எனக்கு உறைக்கவே ஆறு மாதம் ஆனது.

2016 பிப்ரவரியில் வேலை கிடைத்து, திருச்சியிலிருந்து ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகருக்கு நானும் மனைவியும் போனோம். பாட் கான்ஸ்டாட் பகுதியில், லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்தில் மூன்றாம் மாடி. அங்கே வாடகை வீடு என்றால் பெரும்பாலும் வெறும் சுவர்தான். முன்பு குடியிருந்தவர் விளக்குகளைக்கூடக் கழற்றிக்கொண்டு போயிருப்பார், கூரையில் ஒயர்தான் தொங்கும். எங்களுக்குச் சாவி கிடைத்தது சனிக்கிழமை மாலை. மறுநாள் ஞாயிறு, கடை எல்லாம் அடைப்பு. செல்போன் வெளிச்சத்தில் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தோம்.

மணி அடித்தது. கதவைத் திறந்தால், எழுபதைத் தாண்டிய ஓர் அம்மா. கீழ்வீட்டுக்காரர். ஒரு கையில் மேசை விளக்கு, இன்னொரு கையில் துணியில் சுற்றிய ரொட்டியும் சின்னப் பொட்டலம் உப்பும். புதுவீடு வருபவர்களுக்கு ரொட்டியும் உப்பும் கொடுப்பது அந்த ஊர்ப் பழைய வழக்கம். அது அப்போது எங்களுக்குத் தெரியாது. உப்பைப் பார்த்ததும் என் மனைவியின் முகம் போன போக்கைச் சொல்ல வேண்டும். பால் காய்ச்சுவதற்கு முன் உப்பும் மஞ்சளும் வீட்டுக்குள் போக வேண்டும் என்று மாமியார் போனில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். மஞ்சள் இருந்தது. பெட்டியில் வைக்க மறந்தது உப்பைத்தான்.

அன்றைக்குச் சரி. அடுத்த வாரத்திலிருந்து அதே அம்மா எங்களைத் திட்ட ஆரம்பித்தார். அதாவது, திட்டுகிறார் என்று நினைத்தேன். நான் வகுப்பில் கற்றது ஒரு ஜெர்மன், அவர் பேசியதோ ஸ்வாபிய வட்டார வழக்கு. பாதிக்கு மேல் புரியாது. குரலும் உரத்த குரல்.

முதலில் தபால் பெட்டி. அதில் ஏன் பேர் ஒட்டவில்லை? எங்கள் கட்டடத்தில் வீட்டுக்கு வீடு கதவு எண் கிடையாது. பேர் இல்லாத பெட்டியில் தபால்காரர் போட மாட்டார், கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும். வங்கி அட்டை, வரி எண் எல்லாம் தபாலில்தான் வரும். என் பேரோ அப்பா பேரோடு சேர்ந்து இருபத்தேழு எழுத்து. முணுமுணுத்துக்கொண்டே அவரே ஒரு துண்டுக் காகிதத்தில் இரண்டு வரியாக எழுதி ஒட்டினார். ஒரு எழுத்து தப்பு. அந்தத் தப்போடுதான் கடைசிவரை இருந்தது, தபாலும் ஒழுங்காக வந்தது.

அப்புறம் குப்பை. காகிதத் தொட்டியில் நான் போட்ட பால் அட்டைப்பெட்டியை எடுத்துவந்து, பிளாஸ்டிக் உறைகளோடு போட வேண்டும் என்று கையில் கொடுத்தார். அப்புறம் ஜன்னல். உறைபனிக் காலத்தில் வந்து, தினமும் இரண்டு மூன்று தடவை ஜன்னல்களை அகலத் திறந்து வை என்றார். சாம்பார் வாசனை பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று மனைவி அழுதேவிட்டாள். விஷயம் வேறு. சமையல் ஆவி வெளியே போகாவிட்டால் சுவரில் பூஞ்சை பிடிக்கும், காலி செய்யும்போது வீட்டுக்காரர் முன்பணத்தில் கைவைப்பார்.

அலுவலகத்தில் ஒருவரிடம் புலம்பினேன். அவர் சிரித்தார். “நேரில் வந்து சொல்கிறாரா? அப்படியானால் நல்லவர். பிடிக்காதவர் என்றால் வீட்டுக்காரருக்குக் கடிதம் போட்டிருப்பார்.”

ஸ்டுட்கார்ட் பக்கம் ‘கேர்வோஹே’ என்று ஒரு முறை உண்டு. வாரம் ஒரு குடித்தனம் மாடிப்படியைப் பெருக்கித் துடைக்க வேண்டும், பனி விழுந்தால் நடைபாதையிலும் அள்ளிப்போட வேண்டும். யார் முறையோ அவர் கதவில் ஓர் அட்டை தொங்கும். முடித்தவர் அடுத்த கதவில் மாட்டிவிடுவார். 2018 நவம்பரில் எங்களுக்கு மகள் பிறந்தாள். ஊரிலிருந்து வர என் அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. உதவிக்கு யாருமில்லாத அந்த இரண்டு மாதமும் அட்டை எங்கள் கதவுக்கு வரவே இல்லை. தூக்கமில்லாததில் நாங்கள் அதைக் கவனிக்கக்கூட இல்லை. ஜனவரியில் ஒருநாள் விடியற்காலை மருந்துக்கடைக்கு இறங்கும்போது பார்க்கிறேன், கம்பளிக் குல்லாவோடு கீழ்வீட்டு அம்மா பனி அள்ளிக்கொண்டிருக்கிறார். முறை எங்களுடையது. மண்வாரியைக் கேட்டேன், தரவில்லை. “பிள்ளை எப்படி?” என்றார். அவ்வளவுதான்.

மகள் பேச ஆரம்பித்ததும் அவரை ‘ஓமா’ என்றாள், பாட்டி என்று அர்த்தம். நானும் மனைவியும் கடைசிவரை குடும்பப் பேரைச் சொல்லி மரியாதையாகத்தான் அழைத்தோம், அவரும் எங்களை அப்படியே.

இரண்டு வருடம் கழித்து அவர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அட்டையை அவர் கதவுக்குப் போகவிடாமல் நாங்களே வைத்துக்கொண்டோம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் போன் செய்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். நிலவறைக்கு இறங்கும் கடைசிப் படியை யாரும் துடைக்கவில்லையாம்.