ஜிஎன்எம் முடித்த மகளை ஹோம் நர்ஸ் வேலைக்கு அனுப்பலாமா?

வலங்கைமானிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகள் ஜிஎன்எம் (மூன்று வருஷ நர்சிங் டிப்ளமோ) முடித்திருக்கிறாள். கும்பகோணத்தில் ஓர் ஏஜென்சி, பக்கவாதம் வந்து படுத்திருக்கும் பெரியவரை வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ளக் கூப்பிடுகிறது. சின்ன ஆஸ்பத்திரிகளில் தருவதைவிடச் சம்பளம் கூடுதல். ஆனால் சொந்தக்காரர்கள் "மூன்று வருஷம் படிக்கவைத்தது ஆயா வேலைக்கா?" என்கிறார்களாம்.

அம்மா, சொந்தக்காரர்கள் சொல்வதை விட்டுவிடுங்கள். வேலை நல்ல வேலைதான். ஆனால் படித்து முடித்த கையோடு வேண்டாம். ஒரு வருஷமாவது, முடிந்தால் இரண்டு வருஷம், ஏதாவது ஓர் ஆஸ்பத்திரியில் மெடிக்கல் வார்டிலோ ஐசியுவிலோ டியூட்டி பார்த்துவிட்டு வரட்டும். வார்டில் சந்தேகம் வந்தால் பக்கத்துக் கட்டிலுக்கு டியூட்டி பார்க்கும் சீனியர் சிஸ்டரைக் கூப்பிடலாம், டாக்டர் இரண்டு நிமிடத்தில் வருவார். வீட்டில் இரவு 2 மணிக்கு மூச்சு வாங்கினால் அது சளியா, நெஞ்சில் நீரா, உணவு நுரையீரலுக்குள் போய்விட்டதா என்று முதலில் யோசிக்க வேண்டியவள் உங்கள் மகள் மட்டும்தான். நூறு நோயாளிகளைப் பார்த்த கண்ணுக்கு அது பிடிபடும். பத்துப் பேரைப் பார்த்த கண்ணுக்குப் பிடிபடாது.

டெல்டாவில் இந்த வேலைக்கு ஆள் கேட்பது குறையப்போவதில்லை. பிள்ளைகள் சென்னை, பெங்களூரு, சிங்கப்பூர், வளைகுடா என்று போய்விட்டார்கள். பெரிய வீட்டில் வயதான இரண்டு பேர் மட்டும் இருக்கிறார்கள். தஞ்சாவூரிலோ திருச்சியிலோ ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்திருந்து, மூக்கு வழியாக வயிற்றுக்கு உணவு கொடுக்கும் ரைல்ஸ் டியூபும் கீழே யூரின் டியூபுமாக வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு பார்க்கத்தான் ஹோம் நர்ஸ்.

வேலையின் உள்ளே கொஞ்சம் போய்ப் பார்ப்போம். டியூபில் உணவு கொடுப்பது பார்க்கச் சுலபம். நோயாளி இறந்துபோகும் அளவுக்குத் தப்பு நடப்பதும் இதில்தான். முதலில் தலைமாட்டை 30 முதல் 45 டிகிரி வரை உயர்த்த வேண்டும். மூக்கு ஓரத்தில் டியூபின் எந்த எண் தெரிகிறது என்று நோட்டில் எழுதியிருப்பதோடு ஒப்பிட வேண்டும். எண் மாறியிருந்தால் டியூப் நகர்ந்திருக்கிறது, கொடுக்கக் கூடாது. 50 மில்லி சிரிஞ்சால் மெதுவாக இழுத்து, வயிற்றில் பழைய உணவு தேங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 30 மில்லி தண்ணீர், பிறகு டாக்டரோ டயட்டீஷியனோ சொன்ன அளவு உணவு (பெரும்பாலும் ஒரு வேளைக்கு 200 முதல் 250 மில்லி), மறுபடி 30 மில்லி தண்ணீர். சிரிஞ்சைத் தள்ளக் கூடாது, உயரப் பிடித்துத் தானாக இறங்க விட வேண்டும். முடிந்தபின் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் சாய்வாகவே இருக்க வேண்டும்.

தப்பு எங்கே வருகிறது? கேழ்வரகுக் கஞ்சியை வடிகட்டாமல் ஊற்றுவார்கள், டியூப் அடைத்துக்கொள்ளும். மெதுவாகக் கரைவதற்கென்றே செய்த மாத்திரையைப் பொடித்துக் கரைத்துவிடுவார்கள், முழு மருந்தும் ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கும். பார்க்க வந்த அத்தை "பாவம், நாக்கு வறண்டு கிடக்கு, ஒரு வாய் காபி கொடும்மா" என்பார். விழுங்கும் சக்தி போன நோயாளிக்கு அந்த ஒரு வாய் நேரே நுரையீரலுக்குப் போகும். உறவினரிடம் முகம் கோணாமல் "வேண்டாங்க அத்தை, டாக்டர் கூடாதுன்னுட்டார், பஞ்சில் நனைச்சு உதட்டைத் துடைச்சுவிடுறேன்" என்று சொல்லத் தெரிவதும் இந்த வேலையில் பாதி. கொடுக்கும்போது இருமல் வந்தாலோ முகம் நிறம் மாறினாலோ உடனே நிறுத்த வேண்டும். பாதி வெளியே வந்த டியூபை அப்படியே உள்ளே தள்ளுவதைப்போல ஆபத்து வேறில்லை.

அடுத்தது இன்சுலின். நம் மருந்துக்கடைகளில் ஒரு மில்லியில் 40 யூனிட் இருக்கும் வயலும் (மருந்துக் குப்பி) கிடைக்கும், ஒரு மில்லியில் 100 யூனிட் இருக்கும் மருந்தும் கிடைக்கும். சிவப்பு மூடி சிரிஞ்ச் 40க்கு, ஆரஞ்சு மூடி 100க்கு. 100 யூனிட் இன்சுலினைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 20 அல்ல, 50 யூனிட். பெரியவர் தூங்குகிறார் என்று வீட்டார் நினைப்பார்கள், அவர் மயக்கத்தில் இருப்பார். கடைக்காரர் இருக்கிற சிரிஞ்சைத்தான் எடுத்துக் கொடுப்பார், வயலையும் மூடி நிறத்தையும் சேர்த்துப் பார்ப்பது நர்ஸின் பொறுப்பு. சுகர் 70க்குக் கீழே போனால், விழுங்க முடிகிறவருக்கு மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்துக் கொடுத்து 15 நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐக் கூப்பிட வேண்டும்.

படுக்கைப் புண் பற்றி ஒரு தவறான நம்பிக்கை எல்லா வீட்டிலும் இருக்கிறது: ஏர் பெட் (மோட்டாரில் காற்று நிரப்பும் மெத்தை) வாங்கியாகிவிட்டது, இனித் திருப்பிப் போட வேண்டாம். வேண்டும், இரண்டு மணிக்கு ஒருமுறை. உட்காருமிடம், இடுப்பெலும்பு, குதிகால் இந்த மூன்றையும் துடைத்துவிடும்போது உற்றுப் பார்க்க வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தினால் வெளுத்து மறுபடி சிவக்க வேண்டும். வெளுக்கவில்லை என்றால் புண் தொடங்கிவிட்டது. அங்கே எண்ணெய் போட்டுத் தேய்த்தால் உள்ளே இருக்கும் சதை இன்னும் சிதையும். சொந்தக்காரர்கள் 'ஆயா வேலை' என்கிறார்களே, அந்த உடம்பு துடைத்துவிடும் அரை மணியில்தான் நர்ஸ் பாதி நோயைக் கண்டுபிடிக்கிறாள். நோயாளியின் துணி, படுக்கை விரிப்பு, அவருடைய பாத்திரம் அவள் வேலை. வீட்டுச் சாமான் துலக்குவது அவள் வேலை அல்ல. இதைச் சேரும் முன்பே காகிதத்தில் எழுதி வாங்கிவிட வேண்டும். எழுதாத வீட்டில் மூன்றாம் வாரம் "கொஞ்சம் அரிசி களைஞ்சு வச்சிடும்மா" என்று தொடங்கும்.

அவள் முதுகையும் யோசியுங்கள். 65 கிலோ ஆளைத் தாழ்வான கட்டிலில் தனியாகத் தூக்கினால் இரண்டு வருஷத்தில் இடுப்பு போய்விடும். நோயாளிக்குக் கீழே மடித்த போர்வையைப் போட்டு, இருபுறமும் இரண்டு பேர் பிடித்து நகர்த்த வேண்டும். பகலில் உதவிக்கு வீட்டில் ஒருவராவது இருக்கிறாரா என்று கேளுங்கள்.

இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பிப் போட வேண்டிய நோயாளிக்கு '24 மணி நேர டியூட்டி' என்று ஒரே பெண்ணை வைத்தால் கணக்கு உதைக்கிறது இல்லையா? அவள் எப்போது தூங்குவாள்? அப்படிப்பட்ட நோயாளி என்றால் 12 மணி நேர ஷிப்டில் இரண்டு பேர் வேண்டும். இல்லையென்றால் இரவில் வீட்டார் ஒருவர் எழுந்து திருப்பிப் போட ஒத்துக்கொள்ள வேண்டும். ஏஜென்சிகள் இதைப் பேசவே பேசாது.

நம் ஊருக்கென்றே ஒரு கேள்வி இருக்கிறது: மழைக்காலத்தில் என்ன செய்வீர்கள்? 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது எத்தனை ஊர்களில் எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் போனது என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மெஷின்), ஏர் பெட் மோட்டார், சளி உறிஞ்சும் மெஷின் எல்லாம் கரண்டில் ஓடுபவை. நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் கான்சன்ட்ரேட்டர் சுமார் 350 வாட் இழுக்கும். ஒரு பேட்டரி இன்வெர்ட்டர் இரண்டு மூன்று மணி நேரத்தைத் தாண்டாது. அதனால் கைவசம் சிலிண்டர் இருக்க வேண்டும். பி வகை சிலிண்டரில் சுமார் 1500 லிட்டர். நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் பன்னிரண்டு மணி நேரம் வரும். ஆக்சிஜன் ஓடும் அறையில் காமாட்சி விளக்கும் ஊதுபத்தியும் கூடாது. பூஜையை வேறு அறைக்கு மாற்றச் சொல்வது சங்கடமாக இருக்கும், ஆனாலும் சொல்லியாக வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் சூழ்ந்து ஆம்புலன்ஸ் வர முடியாத தெருவா என்பதையும் கேளுங்கள்.

சட்ட விஷயம் சுருக்கமாக. தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் பதிவு செய்து எண் வாங்காமல் நர்ஸ் என்று எந்த வேலையிலும் சேரக் கூடாது. மருந்தின் அளவை மாற்றும் அதிகாரம் நர்ஸுக்கு இல்லை. "டாக்டர் போனில் சொன்னார்" என்று வீட்டார் சொன்னால், டாக்டரே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பட்டும். ஆன்டிபயாடிக் ஊசியின் முதல் டோஸை வீட்டில் போடவே கூடாது. அலர்ஜி வந்து பிபி விழுந்தால் காப்பாற்றும் வசதி அங்கே இல்லை. முதல் டோஸ் ஆஸ்பத்திரியில், மீதி வீட்டில். பயன்படுத்திய ஊசியை மூடி போடாமல் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து ஆஸ்பத்திரியில் கொடுக்க வேண்டும், குப்பைக்காரர் கையில் குத்தும்படி விடக் கூடாது.

இவை எல்லாவற்றுக்கும் ஒரே சாட்சி நோட்டுப் புத்தகம். மணி, பிபி, சுகர், கொடுத்த உணவு, யூரின் அளவு, திருப்பிப் போட்ட நேரம், மருந்து, கையெழுத்து. ஏதாவது நடந்து வெளியூரில் இருக்கும் மகன் "நீதான் கவனிக்கவில்லை" என்று போனில் கத்தும் நாளில், அவளைக் காப்பது அந்த நோட்டுதான்.

ஏஜென்சியிடம் ஒரிஜினல் சான்றிதழ்களைக் கொடுக்காதீர்கள். காட்டலாம், நகல் கொடுக்கலாம். 'ஒரு வருஷம் இருந்தால் திருப்பித் தருவோம்' என்பவர்களிடம் சேரவே வேண்டாம். குடும்பம் நாளைக்கு எவ்வளவு கட்டுகிறது, அதில் மகள் கைக்கு எவ்வளவு வருகிறது, இரண்டையும் கேளுங்கள். உதாரணத்துக்கு, குடும்பம் 1,200 கட்டி அவள் கைக்கு 700 வந்தால், மீதி 500க்கு ஏஜென்சி என்ன தருகிறது? லீவில் மாற்று ஆள் அனுப்புவார்களா? பிஎஃப், இஎஸ்ஐ உண்டா? நோயாளி இறந்துவிட்டால் அடுத்த வீடு கிடைக்கும்வரை சம்பளம் உண்டா? இந்தக் கடைசிக் கேள்வியில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பெரிய சம்பளம் என்று சேர்ந்திருப்பார்கள், வருஷத்தில் சில மாதம் வேலையே இருக்காது.

பாதுகாப்பு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அந்தப் பயம்தான் உங்கள் கடிதம் முழுக்கத் தெரிகிறது. 2013ஆம் ஆண்டு பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தில், வேலை செய்யும் இடம் ஒருவருடைய வீடாக இருந்தாலும் அது பணியிடம்தான். ஏஜென்சியில் விசாரணைக் குழு இல்லையென்றால் மாவட்ட அளவில் இருக்கும் உள்ளூர்ப் புகார் குழுவிடம் போகலாம். உடனடி உதவிக்குப் பெண்கள் உதவி எண் 181. தாழ்ப்பாள் உள்ள தனி அறையும் தனிக் கழிவறையும் கிடைக்குமா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். நடையிலோ ஹாலிலோ படுக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம்.

பிற்காலத்துக்கு ஒரு வார்த்தை. வெளிநாட்டு வேலைக்குப் பெரும்பாலும் ஆஸ்பத்திரி அனுபவத்தைத்தான் கணக்கில் எடுப்பார்கள், வீட்டு டியூட்டியை அல்ல. முதலில் வார்டுக்குப் போகச் சொல்வதற்கு இதுவும் காரணம். அங்கிருந்து விலகும்போது எந்த வார்டு, எத்தனை படுக்கை என்று எழுதிய அனுபவச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளட்டும். வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கும் காலம் வந்தால் புரோக்கரிடம் போகாமல் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் பதியட்டும். வீடு தேடிப் போகும் வேலையே பிடித்துவிட்டால் அரசிலும் வழி இருக்கிறது: 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வட்டார அளவில் நோய்த்தணிப்புச் சிகிச்சை (தீராத நோயின் வேதனையைக் குறைக்கும் பராமரிப்பு) நர்ஸ்கள் இருக்கிறார்கள். அந்த ஒப்பந்த வேலைகளுக்கு மாவட்ட நலவாழ்வுச் சங்கம் வழியாக அறிவிப்பு வரும். மாவட்ட இணையதளத்தை மாதம் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சேரும் நாள் வந்தால் முதல் தடவை நீங்களும் கூடப் போங்கள். நோயாளி அறை, கட்டிலின் உயரம், மகள் படுக்கும் இடம், கடைசி பஸ் நேரம், பக்கத்து வீட்டார் ஒருவரின் போன் எண். இவ்வளவையும் பார்த்து வாங்கிவர ஒரு மணி நேரம் போதும். நர்ஸின் அம்மா வீட்டைப் பார்க்க வருவதை விரும்பாத குடும்பம் என்றால், ஏஜென்சியிடம் வேறு வீடு கேளுங்கள்.