வேலூரிலிருந்து பழைய ஹாசல்பிளாட் 500 சி/எம் பிலிம் கேமராவை நேரடியாக விற்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

முதலில் லென்ஸ். பக்கத்தில் உள்ள கிராங்க்கை (பிலிம் சுற்றும் கைப்பிடி) முழுதாகச் சுற்றிய பிறகே லென்ஸைக் கழற்றுங்கள். பாடியோ லென்ஸோ காக் ஆகாமல் (அடுத்த படத்துக்கு வில் முறுக்கித் தயாராகாமல்) இருந்தால் திரும்ப மாட்டும்போது சிக்கிக்கொள்ளும். காக் ஆன லென்ஸில் ஷட்டர் திறந்தே இருக்கும், பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஒட்டடை மாதிரி இழை தெரிந்தால் பூஞ்சை. அதையும் படமெடுத்துக் காட்டிவிடுங்கள், பின்னால் தகராறு வராது.

அடுத்து ஷட்டரின் 1 விநாடி வேகம். உள்ளே கிரீஸ் காய்ந்திருந்தால் ஒரு விநாடிக்கு மேல் இழுக்கும். வாங்குபவர்கள் சர்வீஸ் செலவை விலையில் கழிப்பார்கள், நியாயம்தான்.

மேகசினின் (பின்னால் மாட்டும் பிலிம் பெட்டி) வெளி ஓட்டிலும், பிலிம் மாட்டும் உள்செருகியிலும் வரிசை எண்ணின் கடைசி 3 எண்கள் ஒத்துப்போனால் கூடுதல் மதிப்பு. டார்க் ஸ்லைடு (பிலிமை வெளிச்சத்திலிருந்து மறைக்கும் தகடு) உள்ளே இருந்தால் ஷட்டர் அடிக்காது. பழுது என்று வாங்க வந்தவர் பயந்துவிடுவார், முன்கூட்டியே சொல்லுங்கள்.

சென்னைக்காரர் என்றால் கூரியர் வேண்டாம், காட்பாடிக்கு ரயிலில் வரச் சொல்லுங்கள். யுபிஐ ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள். உங்கள் வங்கிக் கணக்கில் பணம் ஏறியதைப் பார்த்த பிறகே பையைக் கொடுங்கள்.